ஆப்பிள் பறிக்க ஒரு பஸ்: இலையுதிர் காலப் பண்ணைச் சுற்றுலாவுக்கு ஐந்துக்கு மூன்றரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகலாம். கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய நாலைந்து விஷயங்களை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் அடுத்த வருஷம் வரப்போகிற பிள்ளைகளுக்காக நான் எழுதிவைக்கிறேன்.

நான் படிப்பது நியூயார்க் மாநிலத்தில். நியூயார்க் என்றதும் ஊரில் அத்தனை பேரும் நான் டைம்ஸ் ஸ்கொயரில் நின்று காபி குடித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். இது அங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி, ஃபிங்கர் லேக்ஸ் என்று சொல்கிற பக்கம். விரல்களை நீட்டிவைத்த மாதிரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் 11 ஏரிகள், சுற்றிலும் திராட்சைத் தோட்டம், மாட்டுப் பண்ணை, ஆப்பிள் தோப்பு. அமெரிக்காவில் ஆப்பிள் விளைச்சலில் வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்த இடம் நியூயார்க்குக்குத்தான். ஏரிகளுக்கும் ஆப்பிளுக்கும் சம்பந்தம் இருக்கிறது. ஆழமான ஏரித் தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் குளிரும், அதனால் கரையோரத் தோப்புகளில் மரம் அவசரப்பட்டுப் பூத்துப் பனியில் கருகுவது குறைவு.

ஒவ்வொரு அக்டோபரிலும் வெளிநாட்டு மாணவர்களைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அறுவடைக் கால மரபுகளை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம், வாருங்கள் என்று. 22 டாலர். போகவர பஸ், டிராக்டர் வண்டிச் சவாரி, சோளக்கொல்லைக்குள் வழி கண்டுபிடிக்கிற விளையாட்டு, சைடர் என்கிற ஆப்பிள் சாறு பிழிவதைப் பார்ப்பது, ஒரு டோனட், ஒரு கப் சைடர், அரை பெக் பை நிறைய ஆப்பிள், இவ்வளவும் அதில் அடக்கம். பண்ணையின் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதவில்லை, ஏனென்றால் கீழே கொஞ்சம் குறை சொல்லப்போகிறேன், அதுவுமில்லாமல் இந்தப் பக்கம் எந்தப் பண்ணைக்குப் போனாலும் முக்கால்வாசி இதேதான்.

போன வருஷம் பரீட்சை என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் ரூம்மேட்கள் இரண்டு பேரோடு போனேன். ஒருத்தன் கோயம்புத்தூர், இன்னொருத்தி நாகர்கோவில். காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் ஒன்பதேகாலுக்கு வந்தது. அந்த முக்கால் மணி நேரமும் நாங்கள் நடைபாதையில் ஏழு டிகிரி குளிரில் கால் மாற்றி நின்றோம். ஜாக்கெட்டை மறக்காதீர்கள், ஆனால் மதியம் அதைக் கழற்றிக் கையில் சுமக்கத் தயாராகவும் இருங்கள்.

போகிற வழியைப் பற்றி நான் பெரிதாக வர்ணிக்கப்போவதில்லை. மேப்பிள் இலைகள் சிவப்பு, மஞ்சள், எல்லோரும் ஜன்னலில் போனை ஒட்டிவைத்துப் படம் எடுத்தார்கள், நானும்தான். பள்ளிக்கூடப் பாடத்தில் இலையுதிர் காலம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேனே தவிர, ஐப்பசி என்றால் எங்களுக்கு அடைமழை, இலை எங்கே உதிர்ந்தது?

சரி, ஆப்பிளுக்கு வருகிறேன். எனக்கு ஊர் திருவையாற்றுப் பக்கம். ஆப்பிள் என்பது எங்கள் வீட்டில் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போது வாங்கும் பழம். வலைச் சட்டை போட்டு, நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, மெழுகு பூசி வருவது. அது மரத்தில் தொங்குவதை 24 வயதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பார்த்ததும் முதல் ஏமாற்றம், மரம் மரமாகவே இல்லை. மாமரம் மாதிரி ஒன்றை நினைத்துக்கொண்டு போனால், பாகற்காய்ப் பந்தல் மாதிரி கம்பம் நட்டு, கம்பி இழுத்து, அதில் கட்டிவைத்த குட்டை மரங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வேர்ப்பகுதி குட்டை ரகம், மேலே வேண்டிய ரகத்தை ஒட்டுக்கட்டியது. விதை போட்டால் தாய் மரத்தின் பழம் அப்படியே வராது, அதனால் ஆப்பிள் எல்லாமே ஒட்டுத்தான் என்று வழிகாட்டியாக வந்த பெண் சொன்னார். ஏணி தேவையில்லை, எட்டிப் பறிக்கலாம்.

பறிக்கும் முறையை அவர் காட்டிக்கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது. இழுக்கக் கூடாது. உள்ளங்கையில் பழத்தை ஏந்தி, அடியில் பூ இருந்த கண் மேல்நோக்கிப் போகும்படி லேசாகத் தூக்கித் திருகினால், பழுத்திருந்தால் தானாகக் கைக்கு வந்துவிடும். காம்பு பழத்தோடு வர வேண்டும், காம்பு இருந்த சின்னக் குச்சி மரத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த வருஷத்து மொட்டு அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் முதலில் பிடுங்கியது குச்சியும் இரண்டு இலையுமாக வந்தது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் சொன்னது. நாலாவது பழத்திலிருந்து கை பழகிவிட்டது. ஒரு கிளிக் மாதிரி கேட்கும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்துப் பறிக்கலாம்.

கீழே விழுந்து கிடப்பதை எடுக்காதீர்கள். எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் மான் நடமாடும் இடம், அசுத்தம் பட்டிருக்கும் என்று அங்கேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். மான் என்றதும் இன்னொன்று, இங்கே உண்ணி அக்டோபரிலும் இருக்கும், லைம் நோய் பரப்புவது. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், அழகாக இருக்காதுதான். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், காதுக்குப் பின்னால் எல்லாம் தேடிப் பாருங்கள். இதை மின்னஞ்சலில் ஒரு வரி போட்டிருக்கலாம், போடவில்லை.

எங்கள் குழுவில் சோபோர் பக்கத்திலிருந்து வந்த ஒரு காஷ்மீர்க்காரர் இருந்தார், வீட்டில் சொந்தமாக ஆப்பிள் தோப்பு. வழிகாட்டி பறிக்கும் முறையைக் காட்டியபோது கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றார், அப்புறம் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பழம் பறித்துப் பையில் வைத்தார், சத்தமே இல்லை, முட்டை வைப்பது மாதிரி. அரை பெக் பை அவருக்கு ஒரு நிமிஷ வேலை. மீதி நேரம் எங்களுக்குப் பாடம் எடுத்தார். காம்புப் பள்ளத்துக்குப் பக்கத்தில் பச்சை மாறி மஞ்சளாகியிருக்கிறதா பார், சிவப்பைப் பார்க்காதே, சிவப்பு ஏமாற்றும் என்றார். 22 டாலருக்கு எனக்குக் கிடைத்த நல்ல வழிகாட்டி அவர்தான்.

பெக் என்றால் என்ன என்று கேட்பீர்கள். நம்மூரில் கலம், மரக்கால் என்று அளந்த மாதிரி இவர்களுக்கு புஷல், பெக். நாலு பெக் ஒரு புஷல். ஒரு புஷல் ஆப்பிள் சுமார் 19 கிலோ வரும், ஆக அரை பெக் பை இரண்டே கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. மூன்று பேருக்கு மூன்று பை, ஏழு கிலோ ஆப்பிளை என்ன செய்வது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தோம். ஃபிரிட்ஜில் காய்கறியோடு ஒன்றாக வைத்துக் கீரையெல்லாம் மஞ்சளாகிப்போனது தனிக்கதை, ஆப்பிள் விடும் வாயு மற்றதைச் சீக்கிரம் பழுக்கவைத்துவிடும். தனிப் பையில் கட்டி வையுங்கள்.

ரகங்களைப் பற்றி என் தீர்ப்பு. ஹனிகிரிஸ்ப் வரிசைக்குக் கயிறு கட்டி, அதற்குத் தனிக்காசு என்று போர்டு வைத்திருந்தார்கள். மின்னஞ்சலில் இது இல்லை. மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-ல் வெளியிட்ட ரகம், கடித்தால் கண்ணாடி உடைகிற மாதிரி நொறுங்கும், வளர்ப்பது கஷ்டம், அதனால் விலை. நல்லா இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது எம்பயர். இங்கேயே பக்கத்தில் ஜெனீவா என்ற ஊரில் கார்னெல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையத்தில் உண்டாக்கி 1966-ல் வெளியிட்டது, மெக்கின்டாஷையும் ரெட் டெலிஷியஸையும் சேர்த்த கலப்பு. புளிப்பு இருக்கிறது, இனிப்பும் இருக்கிறது. நாகர்கோவில்காரி பையிலிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த பொட்டலத்தை எடுத்தாள், பாதிப் பேர் பயந்து பார்த்தார்கள். எம்பயரை அரிந்து அதில் தொட்டுத் தின்றால் கிளிமூக்கு மாங்காய்க்குப் பக்கத்தில் வரும். கஸாக்ஸ்தானில் அல்மாட்டியிலிருந்து வந்த பெண் ஒருத்தி மூன்று துண்டு தின்றுவிட்டு, ஆப்பிளின் தாய்வீடே எங்கள் மலைதான் தெரியுமா என்றாள். உண்மைதான், இன்றைய ஆப்பிளின் காட்டு மூதாதை தியான் ஷான் மலைக்காடுகளில் இருக்கிறது. அங்கிருந்து 1990-களில் சேகரித்துக் கொண்டுவந்த காட்டு ஆப்பிள்கள் அதே ஜெனீவாவில் அரசாங்கச் சேகரிப்பில் மரமாக நிற்கின்றன. அவள் ஊர் மரம் அவளுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. இதை அந்த வழிகாட்டிப் பெண்ணிடம் சொல்லப் போனால், அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடுத்து டிராக்டர் வண்டி என்றார்.

என் பெரிய குறை இதுதான். மரபுகளைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று அழைத்தார்கள். ஆனால் பகிர்வது ஒரு பக்கமாகவே ஓடியது. சொல்வார்கள், நாங்கள் கேட்போம், படம் எடுத்துக்கொள்வோம். 40 பேர் பஸ்ஸில் இருந்தோம், அதில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு வயலோ தோப்போ மாடோ இருக்கிறது. ஒருத்தரையாவது, உங்கள் ஊரில் அறுவடை எப்போது, என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். நேரம் இல்லை என்று சொல்ல முடியாது, டிராக்டர் வண்டிக்கு மட்டும் 40 நிமிஷம் வரிசையில் நிறுத்திவைத்தார்கள்.

அந்த வண்டிச் சவாரிக்கு ஹேரைடு என்று பெயர். ஹே என்றால் மாட்டுக்குத் தீவனமாகக் காயவைத்த புல். நாங்கள் உட்கார்ந்தது கோதுமை வைக்கோல் கட்டின் மேல். கோயம்புத்தூர்க்காரன் இதைச் சுட்டிக்காட்டியபோது டிராக்டர் ஓட்டியவர், பண்ணைக்குச் சொந்தக்காரரே அவர், திரும்பிப் பார்த்துச் சிரித்து, புல்லை மனுஷன் உட்காரக் கொடுத்தால் என் மாடு சண்டைக்கு வரும் என்றார். பத்து நிமிஷம் தோப்பைச் சுற்றி ஒரு குலுக்கல். வைக்கோல் போரில் ஏறிக் குதித்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதுசாக ஒன்றும் கிடையாது, அரிப்பு உட்பட.

ஆனால் வண்டியில் முன்னால் உட்கார்ந்ததால் சொந்தக்காரரிடம் பேச முடிந்தது, அது லாபம். ஏன் இப்படி வண்டி, டோனட், விளையாட்டு என்று வைக்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். மொத்த வியாபாரிக்குப் போட்டால் கையில் நிற்பது கொஞ்சம், நீங்கள் வந்து பறித்தால் பறிப்புக் கூலியும் இல்லை, கடை விலையும் கிடைக்கும், செப்டம்பர் அக்டோபர் சனி ஞாயிறில் வருவதை வைத்துத்தான் வருஷம் ஓடுகிறது என்றார். 2023 மே 18 ராத்திரி இந்த வட்டாரத்திலும் நியூ இங்கிலாந்திலும் அடித்த உறைபனியைப் பற்றியும் சொன்னார், பூ முடிந்து பிஞ்சு விட்ட நேரம், ஒரே ராத்திரி. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இதே ஐப்பசியில் குறுவை அறுத்து, களத்தில் நெல்லைக் கொட்டி, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போய்க் கொள்முதலில் தள்ளிவிடக் கூடாதே என்று தார்ப்பாயை மூடி மூடித் திறந்துகொண்டிருப்பார். எங்கள் களத்துக்கு யாராவது 22 டாலர் கொடுத்துப் பார்க்க வந்தால் அப்பா என்ன சொல்வார் என்று யோசித்தேன். முதலில் ஒரு மண்வெட்டியைக் கையில் கொடுப்பார்.

வண்டி தோப்பின் கடைசி வளைவில் திரும்பும்போது வேறொரு பக்கம் கண்ணில் பட்டது. அங்கே எங்களைப் போல் யாரும் படம் எடுக்கவில்லை. ஏழெட்டு ஆட்கள், மார்பில் வாளி மாதிரி ஒரு பை தொங்கவிட்டுக்கொண்டு, பழைய பெரிய மரங்களில் ஏணி சாய்த்துப் பறித்து, பெரிய மரத்தொட்டிகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டுவது என்றா சொன்னேன், பையின் அடியை அவிழ்த்து மெதுவாக இறக்குகிறார்கள், ஒரு பழம் அடிபடுவதில்லை. யார் என்று கேட்டேன். ஜமைக்காவிலிருந்து வருகிறவர்கள், எச்-2ஏ என்ற விசா, ஆகஸ்டில் வந்து அறுவடை முடிந்ததும் திரும்பிவிடுவார்கள், அதில் ஒருவர் என் அப்பா காலத்திலிருந்து வருகிறார் என்றார் சொந்தக்காரர், மரியாதையாகத்தான் சொன்னார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆள் பற்றாக்குறை வந்தபோது கரீபியத் தீவுகளிலிருந்து இங்கே அறுவடைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தது, இன்றுவரை அந்த வழி நிற்கவில்லை. கடையில் நாம் வாங்கும் நியூயார்க் ஆப்பிளில் பெரும்பங்கு இப்படிப் பறித்ததுதான். நாங்கள் எஃப்-1, அவர்கள் எச்-2ஏ, ஒரே தோப்பில் இரண்டு விசா. சுற்றுலாத் துண்டுப் பிரசுரத்தில் அறுவடை மரபு என்று நாலு பக்கம் இருக்கிறது, அதில் இவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏணியில் நின்ற ஒருவர் எங்கள் வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம். வண்டி நிற்கவில்லை.

இன்னொரு விடுபடல். ஐரோப்பாவிலிருந்து முதன்முதலில் குடியேறியவர்கள் இந்த மண்ணில் ஆப்பிள் நட்டார்கள் என்று அவர்கள் சொன்ன கதை ஆரம்பித்தது. வருகிற வழியில் சாலையோரம் நீலமும் மஞ்சளுமாக ஒரு சரித்திரப் பலகை, 1779-ல் சல்லிவன் படை போன வழி என்று. தேடிப் படித்தேன். ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை அது. இந்த ஏரிக்கரைகளில் இருந்த கயூகா, செனக்கா என்ற பூர்வகுடி மக்களின் ஊர்களை எரித்து, சோளக்கொல்லைகளை அழித்து, அவர்கள் வளர்த்திருந்த ஆப்பிள், பீச் மரங்களையும் வெட்டிப்போட்டார்கள். ஆக இங்கே பழத்தோட்டம் அதற்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. மக்காச்சோளம், அவரை, பரங்கி மூன்றையும் ஒரே மண்மேட்டில் சேர்த்து வளர்ப்பது அவர்கள் முறை, மூன்று சகோதரிகள் என்பார்கள். சோளத்தண்டில் அவரை ஏறும், பரங்கி இலை தரையை மூடிக் களை வராமல் பார்த்துக்கொள்ளும். நம் ஊடுபயிர்தான். சோளக்கொல்லை விளையாட்டு வைத்திருக்கிற பண்ணையில் இதை ஒரு பலகையில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகும்?

அந்தச் சோளக்கொல்லையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆளுயரத்துக்கு மேல் காய்ந்து நிற்கும் மாட்டுத் தீவன மக்காச்சோளம், அதற்குள் வெட்டிய சந்துகள். பார்த்தால் நூறு வருஷப் பழக்கம் மாதிரி இருக்கும், ஆனால் இந்த விளையாட்டு 1993-ல் பென்சில்வேனியாவில் ஆன்வில் என்ற ஊரில் தொடங்கியது, என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. உள்ளே 50 நிமிஷம் சுற்றினோம். மேலேயிருந்து பார்த்தால் ஆந்தை மாதிரி தெரியுமாம், உள்ளே இருப்பவனுக்கு எல்லாம் தாள்தான். முழு நேரமும் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் நடந்ததில் பாதி ஜாலி, பாதி எரிச்சல். மழை பெய்த மறுநாள் போகிறவர்கள் நல்ல ஷூ போடாதீர்கள். வெளியே வைக்கோல் திணித்துப் பொம்மை செய்கிற இடம் இருந்தது. சோளக்கொல்லைப் பொம்மையை நிஜமாகவே சோளக்கொல்லை ஓரத்தில் நின்று செய்ததில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். மீசை வரைந்தேன். பக்கத்தில் இருந்த அமெரிக்கச் சிறுமி எதற்கு மீசை என்றாள். காக்காய் பயப்பட வேண்டாமா என்றேன், யோசித்துவிட்டுத் தன் பொம்மைக்கும் ஒன்று வரைந்தாள்.

இனி நல்லதைச் சொல்கிறேன், சைடர். முதலில் பெற்றோர்களுக்கு, இது சாராயம் இல்லை. இங்கே சைடர் என்றால் வடிகட்டாத ஆப்பிள் சாறு, போதையுள்ளதை ஹார்ட் சைடர் என்று தனியாகச் சொல்வார்கள். திறந்து பல நாள் வைத்தால் பதநீர் கள்ளாகிற மாதிரி நுரைக்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

பிழிகிற கொட்டகையில் 70 வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, சொந்தக்காரரின் தாயார். ஆப்பிளைக் கழுவி அரைவை இயந்திரத்தில் விட்டால் கூழாகக் கீழே வருகிறது. ஒரு மரச்சட்டத்தின் மேல் துணியை விரித்து, கூழை ஊற்றிச் சமப்படுத்தி, துணியின் நாலு மூலையையும் பொட்டலம் மடிப்பது மாதிரி உள்ளே மடிக்கிறார். மேலே ஒரு மரத்தட்டி, அதன் மேல் இன்னொரு துணி, இன்னொரு பொட்டலம். இப்படி எட்டு அடுக்கு. எதுவும் அழுத்துவதற்கு முன்பே, தன் பாரத்திலேயே நாலு பக்கமும் சாறு கசிய ஆரம்பித்துவிடுகிறது, அந்த வாசனையை எழுதத் தெரியவில்லை. அப்புறம் அழுத்தியை இறக்குகிறார். பழுப்பு நிறத்தில் அருவி. 1996-ல் காய்ச்சாத ஆப்பிள் சாற்றில் ஈ கோலை கலந்து பலர் நோயில் விழுந்து ஒரு குழந்தையும் இறந்த பிறகு கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது, இவர்கள் சாற்றைப் புற ஊதா ஒளி வழியாக ஓடவிட்டுக் கிருமியைக் கொல்கிறார்கள். காய்ச்சாததால் ருசி மாறுவதில்லை என்றார் அந்த அம்மா.

பிழிந்து முடித்துத் துணியைப் பிரித்தால் சக்கை தகடு மாதிரி வந்தது. இது எங்கே போகும் என்று கேட்டேன். பக்கத்துப் பண்ணை மாட்டுக்கு என்றார். எங்கள் ஊரில் செக்கில் எண்ணெய் ஆட்டினால் மிச்சம் வருவதும் மாட்டுக்குத்தான் போகும் என்றேன். அந்த அம்மா வேலையை நிறுத்திவிட்டு, எந்த எண்ணெய், எதில் ஆட்டுவீர்கள், அதற்கு என்ன பெயர் என்று கேட்டார். அன்று முழுக்க ஒரு ஆள் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி. பிண்ணாக்கு என்றேன். பினாகூ என்றார். இரண்டு சுழியில்லை அம்மா, மூன்று சுழி என்று நாகர்கோவில்காரி நாக்கை மடித்துக் காட்ட, அவரும் மடிக்க, காஷ்மீர்க்காரர் அவர்கள் ஊரில் கடுகுச் சக்கைக்கு ஒரு பெயர் சொல்ல, நேரம் போனதே தெரியவில்லை. வழிகாட்டிப் பெண் வந்து இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தோம். மூன்றரை மதிப்பெண்ணில் இரண்டு இந்தக் கொட்டகைக்கு.

சாப்பாடு. டோனட் சூடாக, பட்டைப்பொடியும் சர்க்கரையும் புரட்டி, மாவில் சைடர் ஊற்றிச் செய்தது. வெளியே மொறுமொறு, உள்ளே நம் அதிரசத்துக்குச் சித்தப்பா பிள்ளை. சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுண்டு, அதனால் கேட்டுவிடுங்கள். கவுண்டர் பையனுக்குத் தெரியவில்லை, உள்ளே போய் டப்பாவையே தூக்கிவந்து காட்டினான், சோயா எண்ணெய். மதிய உணவாக வைத்தது சில்லி என்கிற மாட்டிறைச்சிக் குழம்பு. சைவம் உண்டு என்று மின்னஞ்சலில் இருந்தது, வந்து பார்த்தால் அது பன்னும் முட்டைக்கோஸ் சாலடும். கோயம்புத்தூர்க்காரன் நாலு டோனட் காசு கொடுத்து வாங்கித் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள்.

கடைசி, பரங்கிக்காய் வயல். நீங்கள் பூசணி என்று சொல்லும் ஊர்க்காரராக இருந்தால் பூசணி என்றே வைத்துக்கொள்ளுங்கள், தஞ்சாவூர்ப் பக்கம் மஞ்சள் என்றால் பரங்கி, வெள்ளை என்றால் பூசணி. பரங்கியர் கொண்டுவந்த காய் என்பதால் அந்தப் பெயர், அதன் பூர்வீகம் இந்த அமெரிக்கக் கண்டம்தான். அதன் தாய்நாட்டில் வந்து நின்று பார்த்தால் கண் எட்டும் வரை ஆரஞ்சு உருண்டைகள், கொடியெல்லாம் கருகிக் கிடக்கிறது. மார்கழிக் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்க ஒரு பூவாவது இருக்குமா என்று தேடினேன், இல்லை. காய்க்குத் தனிக்காசு, பவுண்டு 65 சென்ட், இதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரூம்மேட் ஆசைப்பட்டு எடுத்தது 20 பவுண்டு, 13 டாலர்.

இங்கேதான் பெரிய தப்பு செய்தோம். அதில் பாதியை அக்டோபர் 31 ஹாலோவீன் பண்டிகைக்குச் செதுக்கி வைக்கும் விளக்குக்கும் பாதியைச் சாம்பாருக்கும் என்று திட்டம். செதுக்குவதற்கு வளர்க்கும் அந்த ரகம் தண்ணீர், நார், ருசியே கிடையாது, சாம்பாரில் கரைந்து காணாமல் போனது. நம்மூர்ப் பரங்கிக்காய் வேறு இனம். அதே இனத்தில் இங்கே ஒன்று உண்டு, சந்தன நிறத்தில் தட்டையாக, விலா விலாவாக, லாங் ஐலண்ட் சீஸ் என்று பெயர், பாலாடைக்கட்டிச் சக்கரம் மாதிரி இருப்பதால். வயலின் ஓரத்தில் யாரும் தொடாமல் நாலு கிடந்தன, அழகில்லை என்று விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வாரம் கடையில் ஒன்று தேடி வாங்கிப் புளிக்குழம்பு வைத்தேன், அம்மா வைத்த மாதிரியே இருந்தது. அது கிடைக்காவிட்டால் பட்டர்நட் வாங்குங்கள், அதுவும் அதே இனம்.

செதுக்கிய காய்க்குக் கண், மூக்கு, கோரைப்பல் வைத்து உள்ளே விளக்கேற்றி வாசலில் வைத்தோம். அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் அங்கே டர்னிப் கிழங்கில் குடைந்ததை இங்கே இந்தக் காயில் குடைய ஆரம்பித்தார்கள் என்பது கதை, கெட்ட ஆவி அண்டாதாம். எங்கள் தெருவில் புது வீடு கட்டினால் பூசணிக்காயில் பூத முகம் வரைந்து தொங்கவிடுவோமே, அதற்கும் வேலை அதுதான். நாகர்கோவில்காரி வீடியோ காலில் காட்டியபோது அவள் பாட்டி, எதுக்கு மக்களே நல்ல காயைக் குடைஞ்சு போட்டிருக்கிய, மேலே குங்குமத்தைத் தடவி முச்சந்தியில போட்டு உடைங்க என்றார். உடைத்தால் அபராதம் போடுவார்கள் பாட்டி என்றாள்.

உடைக்க வேண்டிய அவசியம் வரவில்லை. நவம்பர் 2-ம் தேதி காலை கதவைத் திறந்தால், முதுகில் ராமர் கோடு போட மறந்துபோன இந்த ஊர்க் கொழுத்த அணில் ஒன்று, மூக்கு ஓட்டை வழியாக உள்ளே போய் உட்கார்ந்து, கோரைப்பல்லைத் தின்றுகொண்டிருந்தது.